கல்லுக்குள் சிப்பி கண்ட கலைஞர்

ஒரு பெரிய தட்டு. நடுவில் பாம்பு நெளிகிறது. சுற்றிலும் மீன், தவளை, பல்லி, சிப்பி, இலைகள். எல்லாம் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல் மின்னுகின்றன. ஆனால் அத்தனையும் சுட்ட களிமண்! 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த பெர்னார் பாலிசி என்ற கலைஞர் இப்படிப்பட்ட தட்டுகளால் புகழ்பெற்றவர்.

பாலிசி 1510 வாக்கில் பிறந்தார். கண்ணாடியில் ஓவியம் தீட்டுவது அவர் தொழில். ஒருநாள் வழவழப்பான வெள்ளைப் பூச்சுடன் ஒரு மண்கிண்ணத்தைப் பார்த்தார். அந்தப் பூச்சை எப்படிச் செய்கிறார்கள்? நாமே கண்டுபிடிப்போம் என்று களத்தில் இறங்கிவிட்டார்.

அந்தப் பூச்சும் ஒரு வகைக் கண்ணாடிதான். மணலில் உள்ள சிலிக்கா தனியாக உருக, 1,700 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சாதாரண விறகுச் சூளையில் அவ்வளவு சூடு வராது. ஈய ஆக்சைடைச் சேர்த்தால் 1,000 டிகிரிக்குள்ளேயே உருகிப் பாண்டத்தின்மேல் படர்ந்துவிடும். வெண்மைக்குக் காரணம் வெள்ளீய ஆக்சைடு. அதன் நுண்துகள்கள் கண்ணாடிக்குள் கரையாமல் நின்று, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. பாலில் கொழுப்புத் துளிகள் செய்வதும் இதே வேலைதான். பச்சைக்குச் செம்பு, நீலத்துக்குக் கோபால்ட், பழுப்புக்கு இரும்பு என்று வேறு நிறங்களுக்கும் உலோகங்கள் உண்டு.

பாலிசிக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லை. பலவகைப் பொருள்களைப் பொடித்துக் கலந்தார். உடைந்த ஓடுகளில் தடவினார். எந்த ஓட்டில் எந்தக் கலவை என்று குறித்துக்கொண்டு சூளையில் வைத்தார். ஒருமுறை பூச்சு உருகுவதற்குள் விறகு தீர்ந்துபோனது. தோட்டத்துக் கம்புகள், மேசை, வீட்டுத் தரைப்பலகை எல்லாம் சூளைக்குள் போயின! அவருக்குப் பைத்தியம் என்று ஊரார் பேசினார்கள். இன்னொரு முறை, சூளைக் காரையில் இருந்த கற்கள் சூட்டில் வெடித்துச் சிதறி, உருகிய பூச்சில் ஒட்டிக்கொண்டன. குறைந்த விலைக்குக் கேட்டவர்களுக்குக்கூட அந்தப் பாண்டங்களைக் கொடுக்க அவருக்கு மனமில்லை; எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார். இப்படி ஏறக்குறைய 15 ஆண்டுகள் உழைத்த பிறகே பூச்சு அவர் கைக்கு வசப்பட்டது.

அவருக்குப் பிடித்த உலகம் குளத்தங்கரையும் சதுப்பு நிலமும். இறந்த பல்லி, பாம்பு, மீன் ஆகியவற்றின்மேல் ஜிப்சம் சாந்தை ஊற்றி அச்சு எடுப்பார். செதில்கூடத் தப்பாமல் பதிந்துவிடும். காய்ந்த அச்சில் களிமண்ணை அழுத்தினால், அச்சு அதன் ஈரத்தை உறிஞ்சும். மண் கொஞ்சம் சுருங்கித் தானாக விடுபடும்.

இப்படி ஒவ்வொரு சிப்பியின் வரியையும் உற்றுப் பார்த்துப் பழகிய கண், பாறைக்குள் இருந்த சிப்பிகளையும் விட்டுவைக்கவில்லை. அவை கல் தானாக எடுத்த வடிவம் என்று அன்றைய அறிஞர்கள் பலர் நம்பினார்கள். பாலிசி மறுத்தார். ‘இவை ஒருகாலத்தில் உயிருடன் இருந்தவை. அவை வாழ்ந்த நீர்நிலை வற்றியது, சேறு கல்லானது, அதனுடன் இவையும் கல்லாயின’ என்பது அவர் வாதம். இன்று நாம் புதைபடிவம் என்று படிக்கிறோமே, அதேதான்!

1575இல் பாரீசில் கட்டணம் வைத்துப் பாடம் நடத்தினார். தான் சொல்வது தவறு என்று காட்டினால், கட்டணத்தை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார். வந்தவர்களில் படித்த மருத்துவர்களும் உண்டு. பாலிசிக்கோ அறிஞர்களின் மொழியான லத்தீன் தெரியாது. தான் சேர்த்துவைத்த கற்களையும் சிப்பிகளையும் அவர்கள் முன் பரப்பிக் காட்டினார். ஒருவரும் தன்னை மறுக்கவில்லை என்று பின்னர் எழுதினார்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உடைந்த பூந்தொட்டி ஓட்டிலும் ஊறுகாய் ஜாடியின் வெளிப்பக்கத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எது உறிஞ்சுகிறது, எது உறிஞ்சவில்லை, ஏன்? பாலிசி செய்ததுபோல, பார்த்ததை உடனே குறித்துவையுங்கள்.