402 மீட்டரும் ஒரு டயர் கணக்கும்

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, செப்பாங்கில் 402 மீட்டர் டிராக் பந்தயத்துக்காக எங்கள் பழைய காரின் ஃபைனல் டிரைவை 4.3-இலிருந்து 4.9-க்கு மாற்றினார். புறப்பாடு பாய்ச்சல்தான். ஆனால் கோட்டுக்குச் சற்று முன்பே நான்காவது கியரில் எஞ்சின் 7,000 சுழற்சியைத் தொட்டுவிட்டது. ஐந்தாவதுக்கு மாற்றிய நேரத்தில் பக்கத்துக் கார் முந்திவிட்டது.

அன்றிரவு பிரிக்பீல்ட்ஸ் உணவகமொன்றில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிடச் சுழற்சியைக் கியர் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவாலும் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். எங்கள் டயர் 195/50, 15 அங்குலம். அகலம் 195 மில்லிமீட்டர்; பக்கச்சுவர் அதில் 50 விழுக்காடு. ஆக விட்டம் 576 மில்லிமீட்டர், சுற்றளவு 1.81 மீட்டர். நான்காவது கியர் விகிதம் 1.0. பழைய 4.3-இல் மணிக்கு 177 கிலோமீட்டர் வரை போயிருக்கும், 4.9-இல் 155-தான். நாங்கள் கோட்டைக் கடந்ததோ 157-இல். இரண்டே கிலோமீட்டர்!

195/55 டயர் போட்டிருந்தால் சுற்றளவு 1.87 மீட்டர், நான்காவதிலேயே 160 வந்திருக்கும். புறப்பாட்டு இழுவை மூன்று விழுக்காடு குறையும், உண்மைதான். ஆனால் முன்சக்கர இழுவைக் காரில் கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்கிறது. முன்டயர் பிடிப்பின்றிச் சுழல்கிறது. அங்கே அதிக இழுவை வெறும் புகைதான்.

மாமாவிடம் தாளைக் காட்டினேன். “இத முன்னாடியே சொல்லக்கூடாதாடா?” என்றார்.