சாமிக் குரங்கு பிழைத்தது, காடு பிழைக்கவில்லை

நைஜீரியாவின் ஈமோ மாநிலத்தில் உள்ள லாக்வா ஊரில், குரங்கு தோட்டத்துக்குள் புகுந்து விளைச்சலைத் தின்றால் கத்தலாம், விரட்டலாம். கொல்லக் கூடாது. அது ஊர்த் தெய்வத்தின் சொத்து.

காதோரம் வெண்முடிக் கொத்து வைத்த அந்தக் குரங்குக்கு ஸ்கிளேட்டர் குரங்கு என்று பெயர். தெற்கு நைஜீரியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. லாக்வாவிலும் எனுகு மாநிலத்து அக்புகோயேஸேயிலும் அது கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. இரண்டுமே சரணாலயமல்ல, சாதாரண ஊர்கள். வனக்காவலர் செய்யாததைச் சாமி பயம் செய்திருக்கிறது.

இந்த ஊர்க்காரர்கள் இக்போ மக்கள். அவர்களுக்கு மண்ணே தாய். ஆலா என்பது அவள் பெயர். விளைச்சல் அவள் கொடுப்பது, செத்தவர்கள் சேர்வது அவள் மடியில். யாம் கிழங்கைத் திருடினால்கூட அது நிலத்துக்காரனுக்கு மட்டுமல்ல, அவளுக்கும் செய்த குற்றம். பரிகாரம் செய்தாக வேண்டும். இடெமிலி ஆற்றுத் தெய்வத்தின் மலைப்பாம்பைத் தவறிக் கொன்றவர், மனிதருக்குச் செய்வதுபோல் அதற்கு ஈமச்சடங்கு செய்ய வேண்டும். அகுலு ஏரியின் முதலைகள் மேல் யாரும் கை வைப்பதில்லை. அபராதச் சீட்டுக்கு இந்த வலு வருமா?

இன்று இக்போக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பழைய கட்டுப்பாடெல்லாம் மூடநம்பிக்கை என்பவர்கள் அங்கே நிறைய உண்டு; பயிரைப் பறிகொடுத்தவரின் எரிச்சலிலும் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. குரங்கைக் கொல்லத் தடை இருந்தது, மரத்தை வெட்டத் தடை இல்லை. லாக்வாவில் காடு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. கொல்லைப்புற மரங்களில் தங்கி, தோட்டத்தில் தின்று, சொந்த ஊரிலேயே அகதியாகத் திரிகிறது சாமிக் குரங்கு. பசித்த குரங்கு திருடுகிறது. திருடத் திருட, இருக்கிற கொஞ்சம் பக்தியும் கரைகிறது. பண்பாட்டைக் காப்போம் என்பவர்களின் கேமராவோ முகமூடி ஆட்டத்தையும் புது யாம் திருவிழாவையும் விட்டு நகர்வதில்லை. காடு படத்தில் எடுபடாது போலிருக்கிறது!

அக்புகோயேஸேயில் கோயில்காடுகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன. அங்கே நிலம் பெரும்பாலும் பங்காளிகளின் பொதுச்சொத்து. அவர்கள் சம்மதத்தோடு அந்தக் கோயில்காடுகளை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். லாக்வாவுக்கு அதுவும் போதாது. அங்கே கன்று நடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.