நிலத்தின்கீழ் ஒரு நிலையம்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் நிலத்திற் பூவல் அகழ்ந்தோர் இரண்டு உண்மைகளை அறிவர். சில முழ ஆழத்திலேயே நீர் ஊறும். ஊறிய நீர் பக்கத்து மணலைச் சரித்துவிடும். இதனாலேயே கிணறு வெட்டுவோர் கொங்கிறீற்று வளையத்தை வைத்து, அதனுள்ளிருந்து மணலை அள்ளி, வளையத்தைக் கீழிறங்கச் செய்கின்றனர். நிலக்கீழ் இரயில் நிலையம் அமைப்போர் எதிர்நோக்குவனவும் இவ்விரண்டு இடர்களே, அளவுதான் வேறு.

உலகின் முதல் நிலக்கீழ் இருப்புப்பாதை 1863 ஆம் ஆண்டு இலண்டனில் திறக்கப்பட்டது. நீராவி எஞ்சினே வண்டியை இழுத்தமையால், ‘புகையிரதம்’ என்னும் நம் வழக்கு அதற்கு முற்றும் பொருந்தும். இந்தியாவிற் கல்கத்தா 1984 இலும் சென்னை 2017 இலும் இவ்வசதியைப் பெற்றன.

சென்னை மத்திய புகையிரத நிலையத்தை அடுத்துள்ள நிலக்கீழ் நிலையம் 2018 மே 25 இல் திறக்கப்பட்டது. இரண்டு தடங்கள் அங்கே வெவ்வேறு ஆழங்களிற் சந்திக்கின்றன. கூவம் ஆறும் பக்கிங்காம் கால்வாயும் அயலிலே உள்ளன.

நீர் மிகுந்த இத்தகைய நிலத்திற் குழியைத் தோண்டிவிட்டுச் சுவரெழுப்புதல் இயலாது. சுவரே முதலில் எழவேண்டும். ஒடுங்கிய ஆழமான அகழி ஒன்றை வெட்டும்போதே, பென்ரோனைற்று என்னும் களிமண்ணை நீரிற் கரைத்த குழம்பால் அதனை நிரப்பி வைப்பர். நீரினும் கனத்த அக்குழம்பு இருபுறமும் அழுத்தி மண் சரியாது காக்கும். பின்னர் இரும்புக்கம்பிக் கூட்டினை அதனுள் இறக்கி, குழாய்வழியே கொங்கிறீற்றை அடியிலிருந்து நிரப்புவர். குழம்பு மேலெழுந்து வெளியேறும். நாற்புறமும் சுவர் மூடிய பின்னரே உள்மண் அகற்றப்படும். கூரையை முதலில் அமைத்து, அதன் மேலே வீதிப் போக்குவரத்தை விட்டு, கீழே அகழ்வதும் உண்டு.

கட்டி முடிந்தாலும் நீர் ஓய்வதில்லை. நிலநீர் மட்டத்துக்கு 20 மீற்றர் கீழேயுள்ள அடித்தளத்தில், ஒவ்வொரு சதுர மீற்றரையும் அது ஏறத்தாழ 20 தொன் விசையுடன் மேலே தள்ளும். உட்குழிவான நிலையம், வாவியில் தோணிபோல், மிதக்கவே முயலும். அதன் சொந்த நிறையும், கூரைமேல் மண்ணின் பாரமும், சுவரை மண் பற்றும் உராய்வுமே அதனை அமிழ்த்தி வைக்கின்றன. இவை போதாவிடின் ஆழத்தில் ஊன்றிய தூண்களோடு தளத்தைப் பிணைப்பர்.

நிலையங்களை இணைக்கும் சுரங்கத்திலும் இவ்விடர் உண்டு. கல்கத்தாவின் பௌபசாரில், 2019 ஓகஸ்ட் 31 இல், சுரங்கம் குடையும் இயந்திரம் நீரூறும் மணற்படையைத் தாக்கிற்று. மண்ணோடு நீர் உட்புகவே மேலேயுள்ள தரை தாழ்ந்தது. பழைய வீடுகள் வெடித்தன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அவ்வழியே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 2025 ஓகஸ்டிலேயாம்.