கோதுமை ரொட்டி மிருதுவாக வர மாவை முதலில் ஊற வையுங்கள்



"மைதா ரொட்டி பஞ்சு மாதிரி வருது. கோதுமையில செஞ்சா செங்கல் மாதிரி ஆயிடுதே, ஏன்?" ரொட்டி செய்து பார்த்த பலரும் கேட்கும் கேள்வி இது. செய்தது விற்காமல் தங்கினால் மாவும் கேஸும் உழைப்பும் வீண்தானே!

காரணம் தவிடு. மில்லில் அரைத்த கோதுமை மாவில் தவிடு அப்படியே இருக்கும். அது தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். அவசரமாகப் பிசைந்தால் ஊறாத தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும். ஈஸ்ட் உண்டாக்கும் காற்று உள்ளே நிற்காது, ரொட்டி உப்பாது. ஊற வைத்தால் தவிடு மெத்தென்றாகும், பிசைவதும் சுலபம்.

இன்னொரு நன்மையும் உண்டு. தவிட்டில் உள்ள 'பைட்டேட்' என்ற பொருள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்து வைக்கும். நீண்ட நேரம் ஊறினால் இது ஓரளவு குறையும். ரத்த சோகை உள்ள நமக்கு இது நல்லதுதான். ஆனால் இது மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

செய்முறை:

1. கோதுமை மாவு 500 கிராம், உப்பு ஒன்றரை டீஸ்பூன், தண்ணீர் 300 மில்லி. ஈஸ்ட் சேர்க்காமல் கலந்து, ஈரத்துணியால் மூடி 2 மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க வைப்பதானால் வெயில் காலத்தில் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

2. வெதுவெதுப்பான தண்ணீர் 50 மில்லியில் சர்க்கரை 2 டீஸ்பூன், ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன் போடுங்கள். 10 நிமிடத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் அந்த ஈஸ்ட் வேண்டாம். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

3. இதையும் எண்ணெய் 2 டேபிள் ஸ்பூனும் ஊறிய மாவில் சேர்த்து 10 நிமிடம் பிசையுங்கள். இரண்டு மடங்காகும் வரை மூடி வையுங்கள்.

4. எண்ணெய் தடவிய இரண்டு டின்களில் போட்டு, மறுபடி உப்பியதும் 200 டிகிரி சூட்டில் 30 முதல் 40 நிமிடம் வேக விடுங்கள். ஓவன் இல்லையா? குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, 10 நிமிடம் சூடாக்கி, ஒவ்வொரு டின்னாக வைக்கலாம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.

5. நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

முதலில் வீட்டுக்குச் செய்து கை பழக்குங்கள். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே தொடங்குங்கள். ஒரு ரொட்டிக்கு ஆன மாவு, ஈஸ்ட், கேஸ், உங்கள் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி விலை வையுங்கள். கூலியை விட்டுவிட்டால் லாபம் வந்த மாதிரி தெரியும், கையில் ஒன்றும் நிற்காது!