காவலுக்கு நிற்பவன் யார்?



போன செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு லிங்க்கை அப்பாவின் போனில் திறந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். பக்கம் முழுக்க விளம்பரம். நடுவில் பச்சை நிறத்தில் பெரிய பட்டன். ரிசல்ட் பார்க்கும் அவசரத்தில் 'அனுமதி' என்று கேட்டதையெல்லாம் அழுத்திவிட்டேன். ரிசல்ட் வரவில்லை. அன்று இரவிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "உங்கள் போனில் 13 வைரஸ்! உடனே இந்த ஆப்பைப் போடுங்கள்!" என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது.

அப்பா முடிச்சூரில் லோடு வண்டி ஓட்டுகிறார். வாடகைப் பணம் அந்தப் போனில்தான் வந்து சேரும். பயந்துபோய் இரண்டு நாள் யாரிடமும் போனில் பணம் வாங்கவில்லை. கடனாக விட்ட ஒரு சவாரியின் பணம் இன்றுவரை வரவில்லை!

உண்மையில் வைரஸ் எதுவும் இல்லை. நான் அழுத்திய 'அனுமதி', அந்தப் பக்கம் நோட்டிபிகேஷன் அனுப்ப நானே கொடுத்த அனுமதி. குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தப் பெயரை நீக்கியதும் எல்லாம் நின்றுவிட்டது. அந்த எச்சரிக்கை சொன்னபடி ஆப்பைப் போட்டிருந்தால்தான் உண்மையான ஆபத்து.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் போடப் போனேன். அப்போது அப்பா கேட்டார்: "ஏம்பா, இதுவும் ஒரு ஆப்புதானே? திருடனைப் பிடிக்க வந்தவன் திருட மாட்டான்னு என்னா கேரண்டி?"

வீட்டில் முதல் முதலாகப் படிக்கிறவன் நான். போன் விஷயத்தில் நான் சொல்வதுதான் எங்கள் வீட்டில் தீர்ப்பு. ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விளம்பரம் எப்படி வருகிறது?

ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடுதான் பேசுகிறோம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்தும், விளம்பரம் வேறு பல சர்வர்களிலிருந்தும் வருகின்றன. கூடவே நாம் எந்தெந்தப் பக்கம் போகிறோம் என்று குறித்துக்கொள்ளும் டிராக்கர்களும் வருகின்றன. இவை நம்மை அடையாளம் வைக்கப் பயன்படுத்தும் 'குக்கி' 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மான்டுல்லி என்பவர் உருவாக்கியது. ஒரு தளம் வந்தவரையே மறுபடி அடையாளம் காண வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பிறகு விளம்பரக் கம்பெனிகள் அதையே தளம் தளமாக நம்மைப் பின்தொடரப் பயன்படுத்தின.

விளம்பர இடத்தைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மோசடிக்காரனும் வாங்கலாம். தேடல் பக்கத்தில் பிரபல கம்பெனிகளின் பெயரில் போலி விளம்பரம் வருகிறது, ஆகவே தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே 2022 டிசம்பரில் அறிவுரை சொன்னது.

தடுப்பான் என்ன செய்கிறது?

கல்யாண மண்டப வாசலில் பட்டியலோடு ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. அதே வேலைதான். 'ஈஸிலிஸ்ட்' போன்ற பட்டியல்களில் விளம்பர சர்வர்களின் முகவரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பிரவுசர் ஒன்றைக் கேட்கப் போகும்போது தடுப்பான் பட்டியலைப் பார்க்கும். பெயர் இருந்தால் அந்தக் கோரிக்கையே வெளியே போகாது. டேட்டாவும் மிச்சம்.

இங்கேதான் அப்பாவின் கேள்வி வருகிறது. வாசலில் நிற்பவனுக்கு யார் வந்தார், யார் போனார் என்று எல்லாமே தெரியும். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் அவன் கண்ணில் படும். அப்படியானால் அவன் யார்?

காவலாளியே விற்ற கதை

அவாஸ்ட் என்பது உலகம் முழுக்கப் பிரபலமான ஆன்டிவைரஸ். டிராக்கர்களிடமிருந்து காப்போம் என்று சொன்ன அதன் மென்பொருளும் எக்ஸ்டென்ஷன்களும் மக்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்ற விவரத்தைச் சேர்த்தன. ஜம்ப்ஷாட் என்ற துணைக் கம்பெனி 2014 முதல் 2020 வரை அதை விற்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

இன்னொன்று: நானோ ஆட்பிளாக்கர். நல்ல பெயர் எடுத்த எக்ஸ்டென்ஷன். 2020 அக்டோபரில் அதை உருவாக்கியவர் வேறு ஆட்களுக்கு விற்றார். அடுத்து வந்த அப்டேட்டிலேயே அது பயனாளர்களின் தகவலை வெளியே அனுப்பத் தொடங்கியது. கூகுள் அதைக் கடையிலிருந்தே நீக்கியது. பெயர் அதே பெயர், ஆள் மட்டும் வேறு!

ஆக, அப்பா கேட்டது சரியான கேள்வி.

தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள்

1. செய்தவர் யார்? பெயரை முழுசாகப் படியுங்கள். யூபிளாக் ஆரிஜின் என்பது கனடாவின் ரேமண்ட் ஹில் 2014-ல் தொடங்கியது. வெறும் 'யூபிளாக்' என்ற பெயரில் இருப்பது வேறு ஆட்களுடையது. ஒரு சொல்லில் ஆளே மாறிவிடும்.

2. அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. ஆட்பிளாக் பிளஸ் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று சிலவற்றை உள்ளே விடுகிறது. அதற்குப் பெரிய கம்பெனிகளிடம் கட்டணமும் வாங்குகிறது. இது ஒளிவு மறைவாக நடப்பதில்லை, செட்டிங்ஸில் நிறுத்தவும் முடியும். ஆனால் தெரிந்துகொண்டு போட வேண்டும். இலவசம், காசு வரும் வழியும் தெரியவில்லை என்றால் விலகிப் போங்கள்.

3. உள்ளே என்ன இருக்கிறது என்று மற்றவர் பார்க்க முடியுமா? சோர்ஸ் கோடு வெளியே இருந்தால் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். நமக்குப் புரியாவிட்டாலும் புரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

4. என்ன அனுமதி கேட்கிறது? விளம்பரத்தைத் தடுக்கும் ஆப்புக்கு உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸும் கான்டாக்ட்டும் எதற்கு? கேட்டால் உடனே நீக்குங்கள்.

எதில் எதைப் போடலாம்?

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் நல்ல ஜோடி. குரோமில் பழைய முறை எக்ஸ்டென்ஷன்களை 2024 முதல் கூகுள் படிப்படியாக நிறுத்தியது. அதனால் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்ன வடிவம்தான். முன்பு தடுப்பான் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து முடிவு செய்தது. இப்போது பட்டியலை முன்கூட்டியே குரோமிடம் கொடுத்துவிட வேண்டும். திறன் கொஞ்சம் குறைவு. ஆனால் தடுப்பான் நம்மைப் பார்ப்பதும் குறைவு.

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸில் போடலாம். இல்லையென்றால் தடுப்பான் உள்ளேயே இருக்கும் பிரவுசர் வேண்டும். அதற்கு நம்ம ஊர் உதாரணமே உண்டு. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் வரும் கூடுவாஞ்சேரி பக்கம் உள்ள ஜோஹோ கம்பெனி 2023-ல் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. விளம்பரத் தடுப்பு அதிலேயே உள்ளது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசும் வாங்கியது. சொந்த ஊர்ப் பெருமை இருந்தாலும் மேலே உள்ள நான்கு கேள்விகளை உலாவிடமும் கேளுங்கள்!

போன் முழுவதற்கும் பாதுகாப்பு வேண்டுமானால் ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டி.என்.எஸ்.' வசதி உண்டு. டி.என்.எஸ். என்பது பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் விசாரணை கவுன்டர். 2017-ல் தொடங்கிய குவாட்9 என்ற இலவச சேவை, மோசடித் தளங்களின் முகவரியைச் சொல்ல மறுத்துவிடும். அது விளம்பரங்களைத் தடுக்காது. ஆட்கார்ட் டி.என்.எஸ். விளம்பரத்தையும் தடுக்கும். ஆனால் வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வந்தால் இந்த முறை பலிக்காது.

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். ஒரே வேலைக்கு மூன்று எக்ஸ்டென்ஷன் என்றால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நம்மைப் பார்க்கும் கண்ணும் மூன்றாகும். ஒரு வழிக்கு ஒரு காவல் போதும். ஆனால் எல்லா வழியையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் வாசலில் மண் மூட்டை அடுக்கினார்கள். தண்ணீர் பாத்ரூம் குழி வழியாக மேலே வந்தது! அப்படித்தான், பிரவுசருக்குத் தடுப்பான் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலை நாமே போட்டால் என்ன பயன்?

கடைசியாக ஒன்று. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் எந்தத் தடுப்பானும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதே போல, விளம்பரத்தை நம்பியே நடக்கும் நல்ல சின்னத் தளங்களும் உண்டு. நம்பிக்கையான இடத்தில் தடுப்பானை நிறுத்தி வைப்பது நியாயம்.

இப்போது அப்பாவின் போனில் ஃபயர்ஃபாக்ஸும் ஒரே ஒரு தடுப்பானும் இருக்கின்றன. போட்ட அன்று நான்கு கேள்விக்கும் பதிலை அவரிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அந்த ஆளு நாளைக்கு வித்துட்டா?" என்றார்.

அதற்கும் பதில் கண்டுபிடித்தேன். செமஸ்டருக்கு ஒருமுறை எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, யாருடையது, புதிதாக என்ன அனுமதி கேட்கிறது என்று பார்ப்பது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் போனை உங்களிடம்தான் நீட்டுவார்கள். போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல் நீங்களும் பாருங்கள்.