கை இங்கே, மனசு எங்கே?

இன்னொருத்தர் உடம்பைத் தொட்டுச் செய்யுற வேலையைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். நான் பிசியோதெரபிஸ்ட். கல்வராயன் மலையில, கரியாலூரைச் சுத்தி இருக்குற ஊர்களுக்கு வீடு வீடாப் போற வேலை.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. பிபி, சுகர் மாத்திரையோட பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரணும்கிற திட்டம். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்குற மலையில, எழுந்து நடக்க முடியாதவருக்குத்தான் இதோட அருமை தெரியும்.

ஆனா, வீட்டுக்கு நம்ம உடம்பு வந்தாப் போதுமா? மனசும் வரணுமே!

மனசு அலையுறது இயல்புதான். 2010-ல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரை ஐபோன் ஆப் மூலமா அப்பப்போ கேட்டுப் பார்த்தாங்க. ஏறக்குறைய 47 சதவீத நேரம், செய்யுற வேலையை விட்டுட்டு வேற எதையோ யோசிச்சிட்டு இருந்தாங்களாம். பாத்திரம் கழுவும்போது இதனால பெரிய நஷ்டம் இல்லை. ஒருத்தர் கையைப் பிடிச்சிருக்கும்போது கதை வேற.

பக்கவாதம் வந்தவரோட முழங்கையை நீட்டுறோம்னு வைங்க. இறுகிப்போன தசைக்கு ஒரு குணம் உண்டு: வேகமா இழுத்தா அது எதிர்த்துப் பிடிக்கும், மெதுவா நீட்டினா இடம் கொடுக்கும். மனசு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா, கை தன்னையறியாம வேகம் எடுக்கும். தளர்ந்துபோன தோள்பட்டையா இருந்தா, கையைப் பிடிச்சு இழுக்குறதே மூட்டுக்கு ஆபத்து.

‘வலிச்சா அவரே சொல்லமாட்டாரா?’ன்னு கேக்கலாம். பேச்சு போனவர் எப்படிச் சொல்வார்? தொடு உணர்வு குறைஞ்சவருக்கு வலியே தெரியாம போகலாம். அவர் முகத்தைப் பார்க்குற நம்ம கண்ணும், இறுக்கத்தை உணர்ற நம்ம கையும்தான் அங்கே எச்சரிக்கை மணி. படுக்கைப் புண்ணும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் நிறம் மாறின இடத்தை விரலால அழுத்தி எடுங்க. அந்த நிறம் வெளுக்காம அப்படியே இருந்தா, புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். கறுத்த தோல்ல நிறம் சரியாத் தெரியாம போகலாம். சூடு, கெட்டித்தன்மை மாதிரி மாற்றங்களையும் தொட்டுப் பார்க்கணும். கவனம் இல்லாத கைக்கு அது எதுவும் படாது.

சரி, கவனத்தை எப்படிக் கொண்டுவர்றது? நான் மூணு விஷயம் செய்யுறேன்.

ஒண்ணு, கை கழுவுறது. சோப்பு போட்டு முழுசாக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போன வீட்டை அந்த விநாடிகள்ல இறக்கி வெச்சிடுவேன்.

ரெண்டு, தொடுறதுக்கு முன்னாடி சொல்றது. “பாட்டி, இடது கையைத் தூக்கப்போறேன், சரியா?” அவங்க தலையாட்டுற வரைக்கும் காத்திருப்பேன். அது மரியாதை மட்டும் இல்லை, என் மனசையும் அந்தக் கைக்குக் கூட்டிட்டு வந்துடும்.

மூணு, உள்ளங்கைக்கு ஒரு கேள்வி. ‘நேத்து எங்கே நின்னுச்சு, இன்னைக்கு எங்கே நிக்குது?’ மனசு ஓடினா திட்டிக்க வேணாம். திரும்ப அந்தக் கேள்விக்கு வந்தாப் போதும். கிளம்பும்போது பதிலை ஒரு வரியா நோட்டுல எழுதிடுவேன்.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. முழுசா கூட இருக்குறதும், அவங்க துயரத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதும் ஒண்ணு இல்லை. தினமும் சுமந்தா, சீக்கிரமே ஓய்ஞ்சிடுவீங்க. மலையில அடுத்த வீட்டுக்கு நடக்குற தூரமே எனக்கு இறக்கி வைக்க நேரம் தருது. நகரத்துல அந்த இடைவெளியை நீங்களா உண்டாக்கிக்கணும். வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா நின்னாலும் போதும்.

இது தொழில் செய்யுறவங்களுக்கு மட்டும் இல்லை. பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு நீங்க சோறு ஊட்டுறீங்களா? போனைப் பக்கத்து ரூம்ல வெச்சிடுங்க. அவரை நிமிர்த்தி உட்கார வைங்க. தொண்டையைப் பாருங்க. முதல் வாயை முழுங்கின பிறகு அடுத்த வாய் கொடுங்க.