பாதைக்கு ஒரு பரம்பு

போன வருடம் ஜூன் மாதம். மழை விடாமல் பெய்தது. எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவுக்கு இரவில் பிரசவ வலி வந்தது. ஜீப்பைக் கூப்பிட்டோம். ஜீப் ரோட்டு முனையோடு நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. பாதை முழுக்கக் குழி. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த அரைக் கிலோமீட்டரை யாரும் மறக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. பாதையைப் பற்றித்தான் பேச்சு.

"வருஷா வருஷம் சரளை கொட்டுறோம் டீச்சர். எல்லாம் எங்கே போகுது?" என்று டிராக்டர் ஓட்டும் அண்ணாச்சி கேட்டார்.

சரளை அதிக தூரம் போகவில்லை. பாதையின் ஓரத்தில்தான் கிடக்கிறது. வண்டிச் சக்கரம் கல்லை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. நடுவில் பள்ளம் விழுகிறது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரில் ஊறிய மண் இளகும். அதன் மேல் சக்கரம் ஏறினால் குழி ஆழமாகும். கல்லோடு கல்லைப் பிடித்து வைத்திருந்த செம்மண்ணும் கரைந்து ஓடிவிடும். திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம். அக்டோபரில் இன்னொரு மழைக்காலம். ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவை நமக்கு இந்தத் தொல்லை.

பாதைக்குத் தண்ணீர்தான் எதிரி. தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். அதற்குப் பாதையின் நடு உயர்ந்திருக்க வேண்டும். ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். மீன் முதுகு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம்? ஒரு மீட்டர் அகலத்துக்கு 4 சென்டிமீட்டர் சரிவு போதும். எங்கள் பாதை 10 அடி அகலம். நடுவிலிருந்து ஓரம் 5 அடி. அப்படியானால் நடு, ஓரத்தைவிட ஏறக்குறைய இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நூலும் ரசமட்டமும் இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம்.

மண்வெட்டியால் இதைச் செய்து முடிக்க நாலைந்து நாள் ஆகும். அடுத்த மழையில் மறுபடியும் செய்ய வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது?

வயலில் நாம் என்ன செய்கிறோம்? உழுது முடித்ததும் பரம்பு அடிக்கிறோம். நாஞ்சில் நாட்டில் இதை மரம் அடிப்பது என்பார்கள். மேட்டு மண்ணைப் பலகை இழுத்துப் பள்ளத்தில் போடுகிறது. பாதைக்கும் இதே வேலைதான். இது புதிய யோசனையும் இல்லை. 1896-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வார்டு கிங் என்ற விவசாயி இருந்தார். அவர் ஒரு மரத்தடியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். இரண்டையும் முன்னும் பின்னுமாகச் சேர்த்துக் கட்டினார். குதிரை பூட்டித் தன் ஊர் மண் பாதையில் இழுத்தார். பாதை சீரானது. 1908-ல் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை அவருடைய முறையைச் சிறு புத்தகமாகவே வெளியிட்டது.

நாங்கள் மரத்துக்குப் பதில் இரும்பில் செய்தோம். ஆக்ரிக்கடையில் 6 அங்குலச் சேனல் இரும்பு கிடைத்தது. 7 அடி நீளத்தில் இரண்டு துண்டு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ. அளவை அண்ணாச்சியே டேப்பில் படித்தார். சாக்பீஸால் இரும்பின் மேல் எழுதினார். பட்டறைக்காரர் அதைப் பார்த்துத்தான் வெட்டினார்.

இரண்டு துண்டுகளையும் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இடையில் இரண்டரை அடி இடைவெளி. மூன்று குறுக்குச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். முன் துண்டின் அடியில் அரை அங்குலக் கனத்தில் ஓர் இரும்புப் பட்டையைப் போல்ட்டு போட்டு மாட்டுங்கள். அதுதான் மண்ணைச் சீவும். தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். வெல்டிங் வைத்தால் அது முடியாது. முன் துண்டு மேட்டைச் சீவும். பின் துண்டு அந்த மண்ணைப் பள்ளத்தில் பரப்பும்.

இனிச் சங்கிலி. இதில்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம். இரண்டு முனையிலும் ஒரே நீளத்தில் சங்கிலி கட்டினோம். பரம்பு நேராகப் போனது. மண் இரண்டு பக்கமும் வழிந்தது. நடு உயரவே இல்லை. ஒரு மாலை முழுக்க டீசல் வீண். பரம்பு சாய்ந்து போக வேண்டும். பாதையின் இடது ஓரமாக டிராக்டர் போகும். ஆகவே இடது சங்கிலி குட்டை. வலது சங்கிலி நீளம். அப்போது இடது முனை முந்திப் போகும். மண் சரிந்து சரிந்து வலது பக்கம், அதாவது பாதையின் நடுவுக்கு வரும். திரும்பி வரும்போது மறு ஓரம் இடது கைப்பக்கம் வந்துவிடும். சங்கிலியை மாற்ற வேண்டியதில்லை.

எப்போது இழுக்க வேண்டும்? காய்ந்த மண்ணில் பட்டை ஏறாது. சேற்றில் டிராக்டரே புதையும். மழை விட்ட மறுநாள் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது. உருண்டையாக நிற்க வேண்டும். அதுதான் சரியான ஈரம். மனிதன் நடக்கும் வேகத்தில் டிராக்டரை ஓட்டினால் போதும். பரம்பு துள்ளினால் மண்மூட்டை ஒன்றை அதன் மேல் கட்டுங்கள்.

ஆழமான குழியைப் பரம்பு சரி செய்யாது. மேலாக மண் தூவினால் இரண்டு நாளில் பழைய குழி வந்துவிடும். கூந்தாலியால் குழியின் அடிமட்டம் வரை கிளறுங்கள். புதுச் சரளை போட்டு இடித்து இறுக்குங்கள். பிறகு இழுங்கள். ஓர ஓடையில் மட்டையும் சருகும் அடைத்திருந்தால் எல்லாமே வீண். முதலில் அதை வாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சங்கிலியை டிராக்டரின் பின்னால் தாழ்ந்திருக்கும் இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால், பரம்பு கல்லில் சிக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். பாரத்துக்காகப் பரம்பின் மேல் ஆள் நிற்கவும் கூடாது. பிள்ளைகள் ஆசையாக ஓடி வருவார்கள். விடாதீர்கள்.

எங்கள் பாதை பத்து வீட்டுக்காரர்களின் சொந்தப் பாதை. பஞ்சாயத்து ரோடு என்றால் கேட்காமல் கை வைக்கக்கூடாது. கிராம சபையில் மனு கொடுங்கள். அதை நீங்களே எழுதலாம்.

இந்த வருடம் ஜூனுக்கு முன்னால் இரண்டு தடவை இழுத்தோம். மழையில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. அங்கே பலாமரத்தின் வேர் ஓடையை மறிக்கிறது. மரக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். டீசல் செலவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று அதில் எழுதுவது நாற்காலியில் போன அந்த அக்காதான்.